மூணாறில் வேனை எங்கே நிறுத்துவது

மூணாறுக்குக் கிளம்புகிறோம் என்றால் எங்கள் உடுமலையில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்தக் கூட்டத்துலயா?" நியாயமான கேள்வி. டிசம்பர் கடைசி வாரத்தில் மாட்டுப்பட்டி சாலையில் ஒருமுறை சிக்கியவர்கள் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். நானும் மனைவியும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். வேனில் போகிறோம், அதிலேயே படுத்துத் தூங்குகிறோம், பெரும்பாலும் நெரிசலில் நிற்காமலே திரும்புகிறோம். எங்களிடம் ரகசிய இடம் எதுவும் இல்லை. மூணாறில் நாங்கள் தூங்குவதில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் எப்படி நகர்கிறது என்று கொஞ்சம் கவனித்தால் இது விளங்கும். விடுதிகளில் பெரும்பகுதி ஊருக்கு மேற்கே, பள்ளிவாசல், சித்திராபுரம், ஆனச்சால் என்று அடிமாலி போகும் பக்கம். கொச்சியிலிருந்து வருகிறவர்களுக்கும் அதுதான் வழி. விடுதியில் எட்டு மணிக்கு டிபன், ஒன்பதரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு எல்லா வண்டியும் மூணாறு பஜாரில் வந்து நிற்கும். அங்கிருந்து மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயின்ட், குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன் நான்கும் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக. மக்காச்சோளமும் மசாலா மாங்காயும் விற்கிற கடைகள் இருக்கும் வளைவுகளில்தான் அடைப்பு தொடங்கும். பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை அப்படியே. ஆறு மணிக்குமேல் வந்த கூட்டம் முழுக்க மறுபடி மேற்கே இறங்கிவிடும்.

அதனால் நாங்கள் எதிர்ப்பக்கம் படுக்கிறோம். வடக்கே மறையூர், காந்தளூர். கிழக்கே வட்டவடை. தென்கிழக்கே சூரியநெல்லி, போடிமெட்டு. எல்லாமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள், தமிழ் பேசினாலே காரியம் நடந்துவிடும். இங்கிருந்து விடிய ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் மற்றவர்கள் பல் துலக்குவதற்குள் நாம் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு அவர்கள் ஏறும்போது இறங்கிவிடலாம். விடுதி அறை எடுத்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. வேனின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதை வியூ பாயின்ட் ஓரத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து படம் எடுத்துப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உடுமலைக்காரர்களுக்கு மறையூர்தான் முதல் வாசல். ஒன்பதாறு சோதனைச்சாவடியில் பேர் எழுதிக்கொடுத்து, ஆனைமலைப் புலிகள் காப்பகம் வழியாகப் போய், சின்னாறில் கேரளத்துக்குள் நுழைகிறோம். கேரளம் என்றாலே பச்சை என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தச் சாலை ஆச்சரியமாக இருக்கும். சின்னாறு மலையின் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மூணாறுப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுவதால் இங்கே வந்து சேர்வது கொஞ்சம்தான். முட்காடு, கள்ளிச்செடி, நட்சத்திர ஆமை, சாம்பல் நிறத்தில் வால் நீண்ட நரை அணில். பகலில் மெதுவாகப் போனால் ஆற்றோர மருத மரங்களில் அந்த அணிலைப் பார்க்கலாம். வழியில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும். இரண்டையும் நாங்கள் தளர்த்துவதே இல்லை.

மறையூரில் சந்தன மரங்கள் இயற்கையாகவே வளர்ந்து நிற்கின்றன. சாலையோரம் கம்பி வேலி, மரத்துக்கு மரம் எண். ராத்திரியில் வனத்துறைக் காவலர்கள் சுற்றுவார்கள். அந்த வேலியோரம் ஒரு வெளியூர் வேன் விளக்கை அணைத்துவிட்டு நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? எழுப்பி விசாரிப்பார்கள், விசாரிக்கவும் வேண்டும். அதனால் மறையூரில் நாங்கள் நிறுத்துவது கரும்புக்காட்டுக்குள் இருக்கும் ஓர் ஆலைக்கொட்டகையின் களத்தில். உரிமையாளரைக் கேட்டு, ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிட்டு.

அந்தக் களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். காய்ந்த கரும்புச் சக்கைதான் விறகு. ஒருவர் குனிந்து உட்கார்ந்து அடுப்பு வாயில் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார், கை ஓயாமல். மேலே ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற கொப்பரையில் சாறு கொதிக்கிறது. முதலில் பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் அழுக்கு நுரை திரண்டு வரும், அதை நீளக் கைப்பிடி போட்ட சல்லடைக் கரண்டியால் வழித்துத் தள்ளுகிறார்கள். அப்புறம் நுரை மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, குமிழிகள் சிறுசிறுசாக இல்லாமல் பெரிசு பெரிசாக 'ளொபக்' என்று வெடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே பக்குவம் சொல்லிவிடுகிறார் பெரியவர். பாகை மரத்தொட்டியில் ஊற்றித் துழாவி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். உருண்டையின் மேல் விரல் தடம் அப்படியே இருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர்ச் சர்க்கரை இதுதான். நம் ஊர் அச்சுவெல்லத்தைவிட நிறம் கருத்திருக்கும், உப்புச் சுவை தட்டாது. ஆலையில் நின்று வேலை செய்கிறவர்கள் பேச்செல்லாம் தமிழ்தான்.

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி ஐந்தும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மறையூரிலிருந்து காந்தளூருக்கு ஏறும் சாலை ஒடுக்கம். எங்கள் வேன் உயரமானது, அதனால் கீழே விட்டுவிட்டு ஜீப்பிலோ பஸ்ஸிலோ ஏறுகிறோம். கேரளத்தில் ஆப்பிள் விளையும் ஊர், பூண்டு விளையும் ஊர். பாறைமேல் நிற்கும் முனியறைகளை, அதாவது பழங்காலக் கல் அறைகளைப் பார்ப்பதானால் மறையூரிலேயே வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடலாம்.

மறையூரில் தங்கினால் இரவிகுளம் தேசியப் பூங்கா சுலபம். மூணாறு ஏறும் சாலையில் ஊருக்கு முன்பாகவே ராஜமலை வாசல் வந்துவிடும், பஜாருக்குள் போகவே வேண்டாம். ஆன்லைனில் முதல் நேரத்துக்குச் சீட்டு எடுத்து வைத்துவிடுகிறோம். உள்ளே வனத்துறை பஸ்தான், நம் வண்டிக்கு இடமில்லை, அது மிகவும் சரியான ஏற்பாடு. 2,695 மீட்டர் ஆனைமுடியின் சரிவில் வரையாடுகள் சாலையோரம் வந்து புல் மேயும். வரையாடு குட்டி போடும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வட்டவடை வேறு மாதிரி. டாப் ஸ்டேஷனுக்கு அப்பால், 1.32 சதுர கிலோமீட்டரே இருக்கும் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவைக் கடந்தால் காடு சட்டென்று விலகி, மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கேரட், முட்டைக்கோஸ், உருளை, பூண்டு. சோலையைப் பொழுதோடு தாண்டிவிட வேண்டும். இந்த வழியில் பத்து மணிக்குமேல் போனால் மாட்டுப்பட்டி நெரிசலில் சிக்குவோம் என்பதால், நாங்கள் விடியற்காலையிலேயே ஏறிவிடுவோம். கோவிலூரில் ஓர் அக்கா வீட்டு முற்றம். கேரட் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் லாரி நிறுத்தும் இடம் இருக்கிறது, லோடு வராத ராத்திரிகளில் அது எங்களுக்கு.

முதல் முறை கேட்டபோதே அக்கா கேட்ட கேள்வி, "ரூமு இருக்கே, ஏன் வண்டிக்குள்ள படுக்கணும்? குளிரு தாங்குமா?" விளக்கிச் சொன்னோம். "சரி, வண்டியிலயே படுங்க. ஆனா கக்கூசுக்கு வீட்டுக்கு வரணும். காட்டுப் பக்கம் போகக் கூடாது, அது எங்க தண்ணி." அந்த ஒரு நிபந்தனையில் எல்லாம் அடக்கம். வட்டவடையின் ஓடைகள் அந்தப் படிவயல்களுக்குப் பாய்ந்து, அப்புறம் பாம்பாறு வழியாக அமராவதிக்குப் போய்ச் சேருகின்றன. அமராவதி அணைத் தண்ணீரைத்தான் எங்கள் ஊர்ப்பக்கத்து வயல்கள் குடிக்கின்றன. மலைமேல் சுற்றுலா வண்டி எதைக் கொட்டினாலும் அது எங்கள் பக்கம்தான் இறங்கி வரும். வேனுக்குள் பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வைத்து, வீட்டில் சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில்தான் ஊற்றுகிறோம். சோப்புத் தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டுப் போகிற வேன்களை நான் பார்த்திருக்கிறேன். கோபம்தான் வருகிறது.

டாப் ஸ்டேஷனை வட்டவடையிலிருந்து ஏழு மணிக்குள் பார்த்துவிடலாம். அங்கே நிற்கும்போது ஒன்று நினைவுக்கு வரும். மூணாறிலிருந்து இந்த உச்சிவரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் வந்து, இங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி நம் போடிப் பக்கத்துக்கு இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது, மறுபடி போடவேயில்லை.

போடிமெட்டு வழி தேனிக்காரர்களுக்கு. கொச்சியிலிருந்து தொண்டிவரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இதுதான். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். வேனில் அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, பேட்டரி எல்லாம் சேர்ந்த எடையோடு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதியிலேயே நாற்றம் வந்துவிடும். ஐயப்பன் சீசனில் கம்பம், குமுளிப் பக்கம் ஒருவழியாக்கி கம்பமெட்டு வழியே திருப்பி விடுவார்கள் என்பதால், கார்த்திகை, மார்கழியில் நாங்கள் தெற்கே போவதே இல்லை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை. இங்கே மட்டும் விடிகாலைக் கணக்கு தலைகீழ். நில எல்லைப்படி அது தேனி மாவட்டம், ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். சூரிய உதயம் பார்க்க நாலு மணிக்கே ஜீப்புகள் வரிசை கட்டும், மேலே நிற்க இடம் தேட வேண்டியிருக்கும். நாங்கள் முன்பகலில் ஏறினோம். உதயம் பார்த்தவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். பாதி நேரம் மேகம் மூடியிருந்தது, மீதி நேரம் கீழே போடி, தேனிவரை தெரிந்தது. பழைய தொழிற்சாலையில் தேயிலை அரைபடும் வாசனையோடு நிம்மதியாக டீ குடித்தோம். கூட்டம் எந்த நேரத்தில் வருகிறது என்பதை இடத்துக்கு இடம் கேட்டறிய வேண்டும், சீக்கிரம் போ என்ற ஒரே வாய்பாடு போதாது.

இப்போது யானைக்கு வருகிறேன், ஏனென்றால் வேன்காரர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் அரிக்கொம்பன் என்று ஒரு யானை இருந்தது. அரிசிக்காக ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்தது. 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் அது கம்பம் நகரத் தெருவுக்குள் வந்து நின்றது. ஜூன் 5-ஆம் தேதி தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனது. கல் சுவருக்குள் இருந்த அரிசியை மோப்பம் பிடித்த விலங்குக்குத் தகரக் கதவு போட்ட ஒரு வேன் எம்மாத்திரம்? மூணாறில் படையப்பா என்ற இன்னொரு யானை இன்றைக்கும் சாலையில் நடமாடுகிறது. அரிசி, வெல்லம், பலாப்பழம், வாழைப்பழம் நிரப்பிய வண்டியை எஸ்டேட் ஓரத்தில் நிறுத்திப் படுப்பது தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். யானை வந்து வண்டியைத் தட்டினால் அடுத்த நாள் பழி யானையின்மேல்தான் விழும். வீடுகள் இருக்கும் இடத்தில், வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சொல்லும் மூலையில் நிறுத்துவதுதான் முறை. எந்தப் பக்கம் யானைத்தாரை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

குளிர் இன்னொன்று. ஜனவரியில் சில ஆண்டுகள் மூணாறு எஸ்டேட்களில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் புல்மேல் உறைபனி படிகிறது. அப்போது கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றி மூடிக்கொண்டு, உள்ளே அடுப்பையோ கரிச்சட்டியையோ பற்றவைத்துக் குளிர்காயத் தோன்றும். வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்ததுதான் காரணம். வாசனையே இல்லாத விஷம் அது. நாங்கள் சமையலை வெளியில், பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுகிறோம். ராத்திரி இரண்டு பக்கக் கண்ணாடியும் இரண்டு விரல் அளவு இறங்கியிருக்கும், மேலே இரண்டு கம்பளி. சருகு காய்ந்த மாதங்களில் வெளியே தீமூட்டுவதும் கிடையாது. 2018 மார்ச்சில் கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

கூட்டமில்லாத மாதம் எது என்று கேட்பவர்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று சிலர் பதில் சொல்கிறார்கள். அறையெல்லாம் விலை குறையும், மலை பச்சையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேரை மூடியது. பலரும் கயத்தாறுப் பக்கத்திலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள். தேவிகுளம் கேப் சாலையிலும் மழைக்கு மலை இடிந்து வழி அடைபட்டிருக்கிறது. அந்த மாதங்களில் நிற்க வேறு வழியில்லாதவர்கள் அங்கே நிற்கிறார்கள். நாம் வேனைக் கொண்டுபோய்ச் சரிவடியில் நிறுத்தி, ஏதாவது ஆனால் அவர்களே வந்து நம்மையும் தூக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கக் கூடாது. மழைக்காலத்தில் மறையூருக்குமேல் நாங்கள் ஏறுவதில்லை. எங்களுக்குப் பிடித்த நாட்கள் தீபாவளிக் கூட்டம் வடிந்து டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் வரும் வாரங்கள், அப்புறம் பொங்கல் முடிந்த கையோடு வரும் வார நாட்கள். சனி, ஞாயிறு கிடையவே கிடையாது.

நெரிசலைப் பற்றி நாம் பேசும்போது நம் ஒருநாள் வீணானதைத்தான் பேசுகிறோம். எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு அது வேறு. செண்டுவரைப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: கிறிஸ்துமஸ் வாரத்தில் பேத்திக்குக் காய்ச்சல், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் எக்கோ பாயின்ட்டில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடைசியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நடந்திருக்கிறார். "எல்லாரும் சந்தோசமா பாட்டுப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. அந்தச் சாலை அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் ஒரே சாலை. காரைவிட நீளமும் அகலமும் கூடுதலான ஒரு வேன் அங்கே பகலில் ஏறினால், இரண்டு காருக்கான இடத்தை அடைக்கும். இதனால்தான் பத்து மணிக்குமேல் அந்தச் சாலையில் எங்கள் வண்டி ஓடுவதில்லை. பகலில் எங்கேயாவது போக வேண்டுமானால் அரசு பஸ் இருக்கிறது, ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வேனைவிட நன்றாகவே தெரியும்.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது, முதல் கேரவன் பூங்கா இடுக்கி மாவட்டத்திலேயே வாகமணில் 2022-இல் திறந்தது. மூணாறு டிப்போவில் 2020-இல் ஓடாத பழைய பஸ்ஸுக்குள் படுக்கை போட்டு, ஒரு ராத்திரிக்கு 100 ரூபாய் என்று விட்டார்கள். வாகனத்தில் தூங்குவது அரசுக்கே பழகிய விஷயம்தான். ஆனால் எல்லை ஊர்களில் முறையான வேன் நிறுத்தம் அரிது. மறையூரிலும் கோவிலூரிலும் சூரியநெல்லியிலும் பஞ்சாயத்தே பத்து வண்டிக்கு இடம், கழிப்பறை, கழிவுநீர் இறக்கும் தொட்டி என்று அமைத்துக் கட்டணம் வாங்கினால், காசு அந்த ஊருக்கே போகும், ஓடையும் தப்பிக்கும். வேன் வைத்திருப்பவர்களும் வண்டியில் செய்த மாற்றங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாகப் பதிந்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சோதனைச்சாவடியில் அந்த ஒரு தாள் அரைமணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

2030-இல் குறிஞ்சி பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து, பெரியவரைப் பாலம் உடைந்து, மூணாறிலிருந்து ராஜமலைக்குப் போகும் வழியே துண்டிக்கப்பட்டதால் அந்த முறை எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2030-இல் எல்லாக் கூட்டமும் சேர்த்து வரும், பூப்பதும் மழையை ஒட்டிய மாதங்களில்தான். வரையாடு மேயும் அந்தச் சரிவுக்கு எத்தனை வண்டி, எத்தனை ஆள் என்பதை அதற்கு ஓராண்டு முன்பே முடிவு செய்து அறிவிக்க வேண்டும், தனியார் வண்டிகளை மறையூரிலும் போடிமெட்டிலும் அடிமாலியிலுமே நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் வேனும் அந்த வரிசையில் மறையூரில் நின்றுகொள்ளும். கரும்பு ஆலைக்காரரிடம் இடத்துக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.